ஒரு பிடி கோலமாவு

பொற்கொடியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை. எழுதினாலும் தப்பாகத்தான் எழுதுவார்கள், ஏனென்றால் இதில் என் பங்கு என்ன என்பது எனக்கும் எங்கள் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஓசூர் சிப்காட்டில், பற்சக்கரம் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கும் பெயின்ட் குடோனுக்கும் நடுவே எங்கள் ஷெட் இருக்கிறது. வாசலில் 'மினரல் லேப்' என்று போர்டு. எதிரே டீக்கடை வைத்திருக்கும் கரியப்பன் பத்து வருடமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னா மேடம், தங்கம் கெடச்சுதா?" என்று கேட்கிறார். நானும் பத்து வருடமாக "நாளைக்குக் கிடைச்சிரும்" என்று சொல்கிறேன். பாறையின் வயதைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒருமுறை உண்மையைச் சொன்னேன். "கண்டுபிடிச்சு?" என்று கேட்டார். 

அதுவும் முழு உண்மை இல்லை. வயதைச் சொல்லும் மிஷின் பெங்களூரில் இருக்கிறது. நாங்கள் கல்யாண வீட்டில் காய் நறுக்கிக் கொடுக்கிறவர்கள் மாதிரி, சமையல் அங்கே. பல்கலைக்கழகங்களிலிருந்து கல் மூட்டைகள் வரும். ஒவ்வொரு கல்லையும் உடைத்து, அரைத்து, சலித்து, அதற்குள் இருக்கும் ஜிர்கான் என்ற மணிகளை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு மணி உப்புத் துகளைவிடச் சின்னது. இருபது கிலோ கல்லில் நூறு மணி தேறினால் அதிர்ஷ்டம்.

இந்த மணிக்கு ஒரு குணம். உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது இது பிறக்கும். பிறக்கும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. உள்ளே போன யுரேனியம் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும். நானூற்று நாற்பத்தேழு கோடி ஆண்டில் சரியாகப் பாதி மாறியிருக்கும். வெயிலோ மழையோ அந்த வேகத்தை மாற்றாது. ஆகவே இன்றைக்கு ஒரு மணிக்குள் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் அது பிறந்த காலம் தெரிந்துவிடும். இதைவிட நாணயமான சாட்சியை நான் பார்த்ததில்லை. அதுதான் பிறகு வினையாகப் போனது.

பாறையை உடைப்பது பொற்கொடி. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து ஊசியால் மணிகளைப் பொறுக்குவது நான், ரேவதி. எம்.எஸ்சி. ஜியாலஜி, ராயக்கோட்டைக்காரி, கழுத்துவலி. எங்கள் இருவர் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான். பதினோரு வருடம் அந்தக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்திருக்கிறேன்.

காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடையில் உள்ள ஒரு ஊரில் பிறந்தவர் பொற்கொடி. அவருடைய அப்பா வெள்ளைக்கல் மில்லில் வேலை செய்தார். மேட்டுக்காட்டில் தோண்டி எடுக்கிற வெள்ளைக்கல்லை அரைக்கிற மில் அது. நைசான மாவு பெயின்ட் கம்பெனிக்கும் டைல்ஸ் கம்பெனிக்கும் போகும். ரவை பதத்தில் நிற்பது கோலமாவு. பதினாலு வயதிலிருந்து அதைப் பொட்டலம் கட்டியவர், இருபத்தோரு வயதில் செல்வத்தைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தார். செல்வத்துக்கு இங்கே வெல்டிங் வேலை. கோயில் கோயிலாக ஏறி இறங்கியும் பிள்ளை இல்லை. ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடம் தகடு அடித்தார் பொற்கொடி. அந்த மிஷின் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கணக்கு முடித்து அனுப்பிய பிறகு எங்களிடம் வந்தார்.

வந்த முதல் வாரமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. காரணம், சுத்தம். எங்கள் தொழிலில் சுத்தம்தான் எல்லாம். ஒரு கல்லை உடைத்த பிறகு மிஷினைத் துடைத்து, காற்றடித்து, அசிட்டோனால் கழுவி, கடைசியில் வெறும் குவார்ட்ஸ் கல்லை ஒருமுறை உள்ளே ஓட்டிக் கொட்ட வேண்டும். பல் தேய்த்த பிறகு வாய் கொப்பளிப்பது போல. முந்தைய கல்லின் ஒரே ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த கல்லின் வயது கெட்டுப்போகும். நாங்கள் ஒருமுறை செய்வதைப் பொற்கொடி இரண்டு முறை செய்வார். நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவார். செய்யாததைச் செய்ததாக ஒருநாளும் எழுதமாட்டார். அதுவும் பிறகு வினையாகப் போனது.

செல்வத்துக்குக் கால் வீங்கியபோது நின்றுகொண்டே வெல்டிங் அடிப்பதால் என்று நினைத்தார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. எப்போதிலிருந்து கெட்டுப்போக ஆரம்பித்தது என்று பொற்கொடி டாக்டரிடம் கேட்டாராம். அதெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றாராம் டாக்டர்.

"கல்லுக்குச் சொல்றீங்க, மனுசனுக்குச் சொல்ல முடியலையேங்க மேடம்" என்றார் என்னிடம். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் டயாலிசிஸ். செல்வத்தின் வேலை போய்விட்டதால் அவருடைய இ.எஸ்.ஐ. அட்டையும் போயிற்று. பொற்கொடி பெயரில் இருந்த அட்டையில்தான், ஓசூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், செல்வத்தின் ரத்தம் வாரம் இரண்டு முறை கழுவப்பட்டது. பொற்கொடி எங்களிடம் கான்ட்ராக்ட் ஆள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் புதுப்பிப்பார்கள். வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் செல்வம் போவார். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "நான் கல்லு ஒடைக்கறேன், அவர் மூச்சு உடறாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

2022 ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. தீபாவளியைவிடப் பெரிது. லேத்துக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் மாலை, வாசலெல்லாம் உடைந்த பூசணிக்காய், கைக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை. எங்கள் லேப்பில் பூஜை என்றால் பொற்கொடிதான். முதல்நாளே கல் உடைக்கும் மிஷினைக் கழுவி, குவார்ட்ஸ் ஓட்டி, நோட்டில் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்துத் தயார் செய்துவிடுவார். சுற்றிலும் கோலம். அந்தக் கோலமாவு கடையில் வாங்கியதல்ல. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அந்த மில்லிலிருந்தே ஒரு பை கொண்டுவருவார். இங்கே விற்கிற மாவு விரலில் நிற்பதில்லை என்பது அவருடைய குறை.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்து முதன்முதலில் மிஷினை ஓட்டும்போது, கோலம் போட்ட மாவில் ஒரு சிட்டிகை எடுத்து மிஷினின் வாயில் போடுவார்கள். 'முதல் வாய்' என்று பெயர். வருடம் முழுவதும் கையைக் காலைக் கேட்காமல் இதைத் தின்றுகொள் என்று அர்த்தம். இரண்டு விரலைக் கொடுத்தவர் அந்த வழக்கத்தை விட்டுவிடுவாரா? எங்கள் மிஷினுக்கும் வருடந்தோறும் ஒரு சிட்டிகை ஊட்டியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. தெரியாமலே எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் பூஜைக்கு அடுத்து எப்போதும் முதலில் ஓடுவது குவார்ட்ஸ். அந்தச் சிட்டிகை குவார்ட்ஸோடு குப்பைக்குப் போய்விடும்.

அந்த வருடம் அப்படி நடக்கவில்லை. செவ்வாய் பூஜை, புதன் விஜயதசமி விடுமுறை, வியாழன் காலையில் வேலை. வியாழன் என்றால் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதே வியாழன் சுவாதியின் கல்லும் அரைபட்டாக வேண்டும். சுவாதி ஆராய்ச்சி மாணவி, சேலத்துப் பெண். தேன்கனிக்கோட்டைக்கு மேலே யானை இறங்கும் காட்டில், வனக்காவலரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், இருபது கிலோ கல்லைத் தானே தூக்கி வந்தவள். பெங்களூர் மிஷினில் அவளுக்கு அடுத்த வாரம்தான் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"அக்கா, ப்ளீஸ்க்கா, இன்னைக்கே அரைச்சுக் குடுத்துருங்கக்கா" என்று காலை எட்டு மணிக்கே வந்து நின்றாள்.

"அதுக்கென்ன கண்ணு, முடிச்சுட்டுத்தான் போவேன்" என்றார் பொற்கொடி.

மிஷின் திங்கட்கிழமையே கழுவியாயிற்று. குவார்ட்ஸும் ஓட்டியாயிற்று. நடுவில் எந்தக் கல்லும் அதில் போகவில்லை. மறுபடி கழுவ என்ன இருக்கிறது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நோட்டில் 'கழுவியது' என்ற கட்டத்தில் நேர்மையாக ஒரு கோடு போட்டுவிட்டு, மிஷினுக்கு முதல் வாய் ஊட்டினார். அந்த வருடம் சிட்டிகை இல்லை, ஒரு பிடி. அதன் மேல் சுவாதியின் கல்லைக் கொட்டினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. எண்பது மணிகளில் அறுபத்தொன்பது, இந்தப் பக்கத்துப் பாறைக்கு எல்லோரும் எதிர்பார்க்கும் இருநூற்றைம்பது கோடி ஆண்டு. மீதிப் பதினொன்று ஐம்பத்தைந்து கோடி.

பாறைக்கு நடந்தவற்றை நாங்கள் இப்படித்தான் படிப்போம். ஒரே கல்லில் இரண்டு வயது இருந்தால், பிறந்த பிறகு அதற்கு இன்னொன்று நேர்ந்திருக்கிறது என்று பொருள். பூமி மறுபடி கொதித்திருக்கிறது, அந்தச் சூட்டில் புதிய மணிகள் முளைத்திருக்கின்றன. ஐம்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய சூடு தெற்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் இவ்வளவு வடக்கே, எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. சுவாதி அழுதேவிட்டாள். எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தாள். பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க கைராசிக்கா" என்றாள்.

நானும் மைசூர்பாகு தின்றேன். அந்தப் பதினொரு மணிகளைப் பொறுக்கியது நான். மற்றவை மங்கலாக, முனை மழுங்கிக் கிடக்க, அவை மட்டும் பளிச்சென்று கூர்மையாக இருந்தன. அழகாக இருக்கிறதே என்று தனி வரிசையில் அடுக்கினேன். சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். எனக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமை வந்தது.

சுவாதியின் கட்டுரை வெளியானது. அதை வைத்தே தன் ஆய்வேட்டின் பாதியை எழுதினாள். 2023 ஆகஸ்டில் வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர், அதே பாறையிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து மறுபடி பாருங்கள் என்று எழுதினார். மறுபடி காடு, மறுபடி இருபது கிலோ. 2024 ஜனவரியில் முடிவு வந்தது. இந்த முறை நூற்றுப் பத்து மணிகள். எல்லாம் இருநூற்றைம்பது கோடி. ஐம்பத்தைந்து கோடியில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் முதலாளி ஹரீஷ்குமார் நல்லவர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு சம்பவத்தின் வயது தெரியாவிட்டால், அது எதற்குப் பின், எதற்கு முன் என்றாவது சொல்லியாக வேண்டும். மலையை வெட்டிய சாலையோரத்தில் லேப்புக்கு வரும் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அது: ஒரு கறுப்புப் பாறை இன்னொரு பாறையை ஊடறுத்துப் போனால் அறுப்பது இளையது, அறுபடுவது மூத்தது. நோட்டிலும் அதையே செய்தோம். மூன்றாம் தேதி கழுவியது. ஆறாம் தேதி கழுவாமல் சுவாதியின் கல். ஆக, அழுக்கு வந்தது இடைப்பட்ட இரண்டு நாளில். அந்த இரண்டு நாளில் லேப்புக்குள் எந்தக் கல்லும் வரவில்லை. அந்த வருடம் முழுவதுமே ஐம்பத்தைந்து கோடி வயதுள்ள எந்தக் கல்லும் எங்களிடம் வரவில்லை.

"அப்ப ஆகாசத்துல இருந்து விழுந்துச்சா, ரேவதி?" என்றார் சார்.

மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. நாலாம் நாள் காலை, தை மாதத்து வெள்ளிக்கிழமை, லேப் வாசலில் பொற்கொடி போட்ட பெரிய கோலம். அதைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். மாவு வெயிலில் மினுங்கியது. காங்கேயம், கரூர்ப் பக்கத்துப் பாறைக்கு என்ன வயது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தைந்து கோடி, எம்.எஸ்சி. முதல் வருடப் பாடம் அது.

அந்த நிமிடம் எனக்குப் பொற்கொடி நினைவுக்கு வரவில்லை. செல்வம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் மட்டும்தான் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சார் அறைக்கு ஓடினேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது.

சார் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "இது கெஸ்தான் ரேவதி. ப்ரூஃப் வேணும். கீழ விழுந்த மாவு வேணாம், தரையில இருக்கற தூசி சேர்ந்திருக்கும். பையில இருக்கற மாவு வேணும்" என்றார். பை பொற்கொடியின் வீட்டில் இருந்தது.

அடுத்த நாள் மூக்கண்டப்பள்ளியில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். ராயக்கோட்டையில் எங்கள் அண்ணன் வீடு கட்டியிருக்கிறார், கிரகப்பிரவேசத்துக்கு நல்ல கோலமாவு வேண்டும் என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

செல்வம் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. "வாங்க மேடம், மொதல்ல காப்பி குடிங்க" என்றார். அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர், காபியும் அந்தக் கணக்கில்தான். பொற்கொடி எனக்குக் கொண்டுவந்த டம்ளரைச் செல்வம் வாங்கி, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வாசம் கணக்குல வராதுங்க" என்று சிரித்தார். பொற்கொடியும் சிரித்தார்.

நான் ஒரு கைப்பிடி கேட்டேன். பொற்கொடி பையில் இருந்ததில் பாதியைக் கவரில் கொட்டி, மேலே இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்துக் கொடுத்தார். "புது வீட்டுக்குக் கொஞ்சமாக் குடுக்கக் கூடாதுங்க மேடம். அண்ணியாரு நல்லாப் பெருசாப் போடட்டும்" என்றார்.

கோலமாவிலிருந்து மணி பொறுக்கியதும் நான்தான். அதே பளிச், அதே கூர்மை. சார் கெஞ்சி நடுவில் ஒரு நாள் வாங்கினார். பெங்களூரிலிருந்து முடிவு வந்தபோது ஐம்பத்தைந்து கோடியே இருபது லட்சம், முன்பின் நாற்பது லட்சம் என்று இருந்தது. எங்கள் லேப் அனுப்பிய எதற்கும் அவ்வளவு சுத்தமான முடிவு வந்ததே இல்லை.

மார்ச் நடுவில் சார் பொற்கொடியைக் கூப்பிட்டார். நானும் சுவாதியும் இருந்தோம். உன் கோலமாவுதான் என்று சார் சொன்னார். வாசலில் போட்டிருந்த கோலத்திலிருந்து சுரண்டி எடுத்தோம் என்றும் சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. நான் அதைத் திருத்தவில்லை.

பொற்கொடிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எதையும் மறைக்கவில்லை. "எங்கூரு மில்லுல அப்பிடித்தானுங் சார். பூசை முடிஞ்சா மொதல் வாய் போடோணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த வருடம் குவார்ட்ஸ் ஓட்டாததையும் அவரே சொன்னார்.

சுவாதி ஒன்றுதான் கேட்டாள். "எவ்வளவு போட்டீங்கக்கா?"

"ஒரு பிடி கண்ணு. எப்பவும் சிட்டிகைதான் போடுவேன். அந்த வருசம் அவருக்காக வேண்டிக்கிட்டு ஒரு பிடியாப் போட்டுட்டேன்."

சுவாதி எழுந்து வெளியே போனாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றாள், ஆய்வேட்டையும் விட்டாள். இப்போது பெங்களூரில் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி. அவளுக்குப் போனது நாலு வருடம்.

நான் சாரிடம் கெஞ்சினேன். பெருக்குவதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சார் தலையைப் பிடித்துக்கொண்டார். "யூனிவர்சிட்டிக்கு லெட்டர் எழுதணும் ரேவதி. தப்பு எங்க நடந்துச்சு, அதுக்கு என்ன பண்ணோம்னு கேக்கறாங்க. ஆளை எடுத்துட்டோம்னு எழுதலைன்னா இனிமே யாரும் கல்லு அனுப்ப மாட்டாங்க. அப்புறம் நீங்க, நான், எல்லாரும் வீட்டுக்குத்தான்." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினொரு மணிகளைச் சந்தேகப்படாமல் அடுக்கியவள் நான், ஆளை எடுப்பதாக இருந்தால் என்னையும் எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

கடைசி நாள் பொற்கொடி மிஷினைக் கழுவினார். குவார்ட்ஸ் ஓட்டினார். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அட்டை உடனே சாகவில்லை. அதுவரை கட்டிய சந்தாவுக்கு டிசம்பர் வரை செல்லும் என்றார்கள். அந்த ஒன்பது மாதத்தில் வேறொரு வேலை கிடைத்துவிட்டால் போதும். நானும் தெரிந்த கம்பெனிகளில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். போச்சம்பள்ளி வரைக்கும் போய்வந்தார் பொற்கொடி. எல்லா இடத்திலும் முதலில் வயதைக் கேட்டார்கள், பிறகு கையைக் காட்டச் சொன்னார்கள். நாற்பத்துநாலு வயது, எட்டு முழு விரல். இருபது வயதுப் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊரில் அவரை யார் எடுப்பார்கள்? சில வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அதற்கு அட்டை கிடையாது.

ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் மிஷின் காலி இல்லை என்றார்கள், ஜனவரியிலிருந்து கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரி. அங்கே சிகிச்சை இலவசம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மிஷின்களைவிட ஆட்கள் அதிகம். முறை வருவது எப்போதோ, அது வரும் நாளில் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார செல்வத்தால் முடிய வேண்டும். ஒருநாள் காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். செல்வம் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தார். முகம் ஊதியிருந்தது. பொற்கொடி ஒவ்வொரு பஸ்ஸாக ஓடி ஓடி இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை செல்வம் இறந்தார். இரண்டு முறை போக முடியாமல் தவறிப்போயிருந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்காத மனிதர் நீரில் மூழ்கிச் செத்தார்.

எட்டாம் நாள்தான் எனக்குப் போகத் தைரியம் வந்தது. மத்தியானம். லைன் வீடுகள் எல்லாவற்றின் முன்னும் காலைக் கோலம் பாதி அழிந்து கிடந்தது. ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த வாசலிலும் சிமென்ட் விரிசலுக்குள் பழைய மாவு வெள்ளையாக நின்றது. அதன் வயது எனக்குத் தெரியும். வேறு எதுவும் அப்போது என் மண்டையில் ஓடவில்லை, அந்த எண் மட்டும் ஓடியது.

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கோலத்திலிருந்து சுரண்டவில்லை, நீங்கள் கொடுத்த மாவுதான், கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் நான்தான், எனக்கு அண்ணன் இல்லை. வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பொற்கொடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.  பிறகு, பேச்சு கொடுக்க வேண்டுமே என்று நினைத்ததுபோல, அவரே ஆரம்பித்தார்.

"அண்ணன் வூட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியா ஆச்சுங்களா மேடம்? அப்பறம் உங்களைக் கேக்கவே முடியாமப் போச்சு. கோலம் நல்லா வந்துச்சுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கேள்வியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"நல்லா வந்துச்சுக்கா" என்றேன்.

"அந்த மாவு அப்பிடிங்க. வெரல்ல நிக்கும்." அலமாரிக்கு அடியில் இருந்த பையைக் கண்ணால் காட்டினார். "இன்னும் இருக்குது. இனி எனக்கெதுக்குங்க? இன்னைக்கு இந்த வூட்டுல இருந்து எதையும் உங்களுக்குக் குடுக்கக் கூடாது. காரியம் முடியட்டும், ஒரு நல்ல நாளாப் பாத்து வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.